கொடுவாப் பள்ளிக்கூடம்

மீனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கோரைமுகத்துக்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். அது அவர்கள் ஊரில்தான் இருக்கிறது.

கொள்ளிடம் கடலில் கலக்கிற பக்கம், உப்பங்கழியை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள். தையல்நாயகி என்கிற பெண்மணி அதை நடத்திவந்தார். ஊர் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் எந்தப் பிள்ளைக்கும் அ, ஆ சொல்லிக்கொடுத்தவர் இல்லை. கொடுவாக் குஞ்சுகளுக்குச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தார்.

கேட்க லேசாகத்தான் இருக்கும். ஆனால் கொடுவா பிறவியிலேயே திமிர் பிடித்த மீன். உயிரோடு ஓடுகிறதைத் துரத்திப் பிடித்துத்தான் தின்னும். கடையில் மூட்டையாக விற்கிற தீனியைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. பசி முற்றினால் கூடப் பிறந்ததை விழுங்குமே தவிர அதைத் தொடாது. அந்தத் திமிரை உடைக்காமல், மீனை மட்டும் மூட்டைத் தீனிக்குப் பழக்கி அனுப்புவது டீச்சரின் வேலை. சுற்றுவட்டாரத்தில் கொடுவா வளர்க்கிற குடும்பங்கள் எல்லாம் அங்கே படித்த குஞ்சுகளைத்தான் தேடி வாங்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதர்களில் முதல் ஆள் சட்டைநாதன்.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. டீச்சர் அவருக்கு ரொம்பவும் இளையவர். ஆனாலும் இறாலுக்கு நோய் விழுந்து குளம் வெறுமனே கிடந்த வருஷத்தில், சட்டைநாதன் தம்பி தியாகேசனையும் கூட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றார். எங்களுக்கு இந்தத் தொழிலைச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டார். டீச்சர் உள்ளே போய் ஒரு பழைய பால்பவுடர் டின்னை எடுத்துவந்து நீட்டினார். சட்டைநாதன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தட்டுங்க, போடுங்க. தட்டுங்க, போடுங்க. இவ்வளவுதான் பாடம்," என்றார் டீச்சர்.

அண்ணன் தம்பி இருவரும் அந்தப் பாடத்தைப் படித்துப் பெரிய ஆளானார்கள். கோரைமுகம் கொடுவா என்றால் கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். கும்பகோணத்து ஓட்டல்களில் அது எந்த ஊர் மீன் என்று எழுதியே வைத்தார்கள். சட்டைநாதன் கடைத்தெருவில் நடந்து போனால் டீக்கடைப் பெஞ்சில் தானாக இடம் கிடைத்தது.

அவருக்கு அதைவிடப் பெருமை அந்த டின்தான். குளக்கரையில் நின்று அவர் டங், டங் என்று தட்டினால் போதும். அதுவரை சப்தமே இல்லாமல் கிடந்த தண்ணீர் ஒரே நிமிஷத்தில் உலை மாதிரி கொதிக்கும். கையகல வாயைத் திறந்துகொண்டு அத்தனை மீனும் அவர் நிற்கிற கரைக்கு வரும். பார்க்கிறவர்கள் ஓரடி பின்னால் போவார்கள். சட்டைநாதனுக்கு நெஞ்சு விரியும்.

"நான் தட்டினா குளமே எழுந்து வரும்," என்பார்.

அது பொய்யும் இல்லை. அதனால் யாரும் அவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை.

தியாகேசன் மறுகரையில் இருப்பான். மதகைத் திறந்து கழித்தண்ணீரை விடுவான், மோட்டாரைப் பார்ப்பான், வலையின் பொத்தலைத் தைப்பான். மீன் எல்லாம் இந்தக் கரைக்கு வந்துவிடுவதால் அவன் கரைத் தண்ணீர் அசையாமல் இருக்கும்.

ஒருநாள் காலையில் அவன் குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு வந்து அண்ணனிடம் சொன்னான்.

"கழிக்கு அந்தப் பக்கம் இறால் பண்ணையில ஆள் கேட்டாங்கண்ணே. நான் அங்க வேலைக்குப் போறேன்."

சட்டைநாதன் விளையாட்டென்று நினைத்தார். அவன் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

சண்டை இல்லை, சத்தம் இல்லை. பங்கு கேட்கவில்லை. யாரோ ஒருத்தருடைய பண்ணையில் கூலிக்கு நிற்கிறான். சொந்தக் குளம் இருக்கிறவன் கூலிக்கு நிற்பதை ஊர் வேடிக்கை பார்க்கிறது. சட்டைநாதனுக்குத் தலை நிமிர முடியவில்லை. அவர் கழியைத் தாண்டிப் போய்க் கூப்பிட்டார். கடைத்தெருவில் பார்க்கிறபோதெல்லாம் கூப்பிட்டார். கோயிலில் வைத்துக் கூப்பிட்டார்.

"வாடா தியாகு."

"வேலை இருக்குண்ணே," என்பான் அவன். முகம் கொடுத்துத்தான் பேசுவான். பிடி கொடுக்கமாட்டான்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீன் பிடிக்கிற அன்று முதல் வலையைக் கூலியாட்கள் இழுக்கக்கூடாது. இந்தக் கரையில் ஒருவர், மறுகரையில் ஒருவர் என்று குடும்பத்து ஆட்களே கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். தை பிறந்ததும் வலை என்று வியாபாரிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. மார்கழி பாதி போய்விட்டது. மறுகரைக் கயிற்றுக்கு ஆள் இல்லை.

இந்த நேரம் பார்த்து மீன்களும் அவரைக் கைவிட்டன.

தஞ்சாவூரிலிருந்து காரில் ஒரு கூட்டம் பண்ணையைப் பார்க்க வந்திருந்தது. சட்டைநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரையில் நின்று டின்னைத் தட்டினார். நாலைந்து மீன்கள் வந்தன. மற்றவை எங்கேயோ கிடந்தன. பலமாகத் தட்டினார். வந்த நாலைந்தும் திரும்பிப் போயின.

"தூங்குது போல," என்றார் வந்தவர்களில் ஒருவர்.

சட்டைநாதன் அன்று சாப்பிடவில்லை. மனைவி பூங்காவனம் இலையை மடித்து எடுத்துக்கொண்டு போகும்போது, "தட்டினா வரதுக்கு அது என்ன உங்க மாமியார் வீட்டு மாடா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் அவர் பள்ளிக்கூடத்தில் நின்றார்.

டீச்சர் தொட்டியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குஞ்சுகளைச் சின்னது, பெரியது என்று பிரித்துக்கொண்டிருந்தார். பிரிக்காவிட்டால் பெரியது சின்னதைப் பார்த்துக்கொள்ளும்.

"டின் தட்டினா மீன் வரமாட்டேங்குது டீச்சர்."

"தீனியை மாத்தினீங்களா?"

"இல்ல."

"தண்ணி?"

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. பார்க்க வந்தவங்க முன்னாடி மானம் போச்சு."

"பார்க்க நிறைய பேர் வராங்களோ?"

"தெனம் யாராவது வருவாங்க. ஒரு நாளைக்கு நாலு கூட்டம்கூட வரும்." சொல்லும்போதே அவருக்கு முகம் மலர்ந்தது.

"வரவங்களுக்கெல்லாம் தட்டிக் காட்டுவீங்க."

"ஆமா."

"தட்டற தடவையெல்லாம் தீனி போடுவீங்களா?"

"எப்படிப் போடறது? கண்ட நேரத்துல போட்டா தண்ணி கெட்டுப்போவும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க. சும்மா தட்டிக் காட்டுவேன்."

டீச்சர் வலைக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"மீன் பேரைச் சொல்லுங்க."

"கொடுவா."

"பிரிச்சுச் சொல்லுங்க."

சட்டைநாதன் விழித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கொடு... வா."

"எது முன்னாடி வருது?"

அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. சிரித்தும்விட்டார். இத்தனை வருஷம் வாயில் வைத்திருந்த பேருக்குள் இவ்வளவு பெரிய பாடம் இருந்ததா என்று துள்ளிக்கொண்டு திரும்பினார். அன்றிலிருந்து வேடிக்கை காட்டத் தட்டவில்லை. தட்டினால் போட்டார், போடும்போது மட்டும் தட்டினார். சில நாள் போயின. ஒரு மதியம் டங் என்றதும் குளம் பழையபடி கொதித்தது. அவர் கரையில் தனியாக நின்று, யாரும் பார்க்காமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மீனுக்குப் பலித்தது தம்பிக்குப் பலிக்காதா? இத்தனை நாளும் வா, வா என்றுதானே கூப்பிட்டோம்? கொடுக்கவே இல்லையே?

சட்டைநாதன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. சீர்காழிக்குப் போய்ப் பட்டு வேட்டி எடுத்தார். தாம்பாளம் நிறையப் பழம் அடுக்கினார். குளத்திலேயே பெரிய கொடுவாவாகப் பார்த்துப் பிடித்து வாழையிலையில் சுற்றினார். வாடகைக் கார் பேசிக்கொண்டு கழியைச் சுற்றி இறால் பண்ணைக்குப் போனார். பண்ணை ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அவரும் நின்றார்.

"எல்லாம் உனக்குத்தான்டா," என்றார் சத்தமாக. "எடுத்துக்க. வா, கிளம்பு."

தியாகேசன் மீனை வாங்கினான். அந்த இடத்திலேயே பண்ணைச் சமையல்காரரிடம் கொடுத்து எல்லாருக்கும் குழம்பு வைக்கச் சொன்னான். பழத்தைப் பங்கிட்டான். பட்டு வேட்டியை மடிப்புக் கலையாமல் அண்ணன் கையில் திருப்பி வைத்தான்.

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே," என்றான்.

அதில் கோபம் இருந்திருந்தால் சட்டைநாதனுக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை.

அன்று சாயங்காலம் அவர் மறுபடி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பட்டு வேட்டி அக்குளில் இருந்தது.

"கொடுத்தேன் டீச்சர். கொடுத்துட்டுத்தான் வான்னு கூப்பிட்டேன். வரல."

டீச்சர் கடைசித் தொட்டிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று காலையில் வந்து இறங்கிய புதுக் குஞ்சுகள் அதில் இருந்தன. மூட்டைத் தீனியைக் கண்ணால்கூடப் பார்த்திராதவை. எல்லாம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

டீச்சர் ஒரு சிட்டிகைத் தீனியைச் சட்டைநாதன் உள்ளங்கையில் வைத்தார்.

"போடுங்க."

சட்டைநாதன் கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டித் தூவினார். குஞ்சுகள் அசையவில்லை. தீனி மெல்ல இறங்கித் தரையில் போய் உட்கார்ந்தது. தரையில் உட்கார்ந்த தீனியைக் கொடுவா சீண்டாது.

"இன்னொரு தடவை."

போட்டார். அதுவும் கீழே போனது.

"பசி இல்ல போல டீச்சர்."

"காலையிலேருந்து பட்டினி."

"பின்ன ஏன் வரல?"

"கை எங்க இருக்கு?"

சட்டைநாதன் பார்த்தார். கை தொட்டிக்கு மேலேயே நின்றிருந்தது. அதன் நிழல் தண்ணீரில் கறுப்பாக விழுந்து, குஞ்சுகள் இருந்த மூலைவரை நீண்டிருந்தது.

"எது வந்து தின்னுதுன்னு பார்க்கத்தான் வச்சிருந்தேன்," என்றார்.

"எடுங்க."

எடுத்தார். டீச்சர் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். சட்டைநாதனும் போனார். தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அங்கிருந்து தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மழையின் முதல் துளி விழுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு பல.

அவர் எட்டிப் பார்க்கப் போனார். டீச்சர் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

சட்டைநாதன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தம்பியை நான் யார்கிட்டயும் விட்டுக்கொடுத்துப் பேசினதில்ல டீச்சர்."

"தெரியுதே. விடவும் இல்ல, கொடுக்கவும் இல்ல."

சட்டைநாதனுக்குச் சுருக்கென்றது. வேறு யாராவது சொல்லியிருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார்.

"அவர் உங்ககிட்ட எதாவது கேட்டிருக்காரா?" என்றார் டீச்சர்.

"அவனா? வாயத் திறந்து ஒண்ணும் கேக்கமாட்டான். சட்டை வேணும்னுகூடக் கேட்டதில்ல." பெருமையாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் நின்றார். "ஒரே ஒரு தடவை..."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஆளுங்க வந்திருந்தாங்க. அவன் மறுகரையிலேருந்து சுத்திக்கிட்டு வந்தான். இன்னிக்கு நான் தட்டிப் பார்க்கவாண்ணேன்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"புதுக் கை தட்டினா மீன் குழம்பிப் போயிடும்னு சொன்னேன்."

"எப்ப?"

சட்டைநாதன் தரையைப் பார்த்தார். "அவன் போனதுக்கு முந்தின நாள்."

வெளியே கழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சர் அடுத்த தொட்டியின் மூடுவலையை இழுத்துக் கட்டினார்.

"அந்த டின் நீங்க எனக்குக் கொடுத்தது டீச்சர். குரு கையால வாங்கினது. அதை எப்படி..."

"நான் உங்களுக்கா கொடுத்தேன்?"

"பின்னே?"

"ரெண்டு பேரும்தான் வாசல்ல நின்னீங்க. நான் பொதுவா நீட்டினேன். உங்க கை முன்னாடி வந்துச்சு."

சட்டைநாதனுக்கு அந்த வாசல் ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றதும் ஞாபகம் வந்தது. அவனும் கையை நீட்டினானா என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

அக்குளில் இருந்த பட்டு வேட்டியைக் கை மாற்றிக்கொண்டு கேட்டார். "அப்ப டின்னைக் கொடுத்துட்டு வான்னு கூப்பிட்டா வருவானா?"

"மீன் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க."

"கொடு. வா."

"எங்கம்மா பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பறப்ப அப்படித்தான் சொல்வாங்க. இதைக் கொண்டு போய்க் கொடு, வா."

சட்டைநாதன் அந்த இரண்டு சொற்களையும் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

"வான்னா... அவன் இல்லையா? நானா?"

"கொடுத்துட்டு நீங்க வாங்கண்ணே," என்றார் டீச்சர்.

மறுநாள் அவர் காரில் போகவில்லை. கழியைப் படகில் தாண்டி, இறால் பண்ணை வரப்பில் நடந்து போனார். தியாகேசன் கரையில் தனியாக உட்கார்ந்து, மோட்டாரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். அண்ணனைப் பார்த்து எழுந்தான். பின்னால் கார் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான்.

சட்டைநாதன் பைக்குள் கையை விட்டு டின்னை எடுத்தார். ஒரு பக்கம் ஒடுங்கி, தட்டித் தட்டி வெள்ளையாய்த் தேய்ந்த டின். அதைத் தம்பிக்குப் பக்கத்தில் வரப்பின்மேல் வைத்தார்.

தியாகேசன் டின்னைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். துடைக்கிற துணி அவன் கையில் அப்படியே நின்றது.

சட்டைநாதனுக்கு நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. ஒரே எழுத்து. சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது என்று தோன்றியது. இன்றைக்குச் சொன்னால் வந்துவிடுவான் என்றும் தோன்றியது. அவர் அதை மருந்து மாதிரி விழுங்கினார். திரும்பி நடந்தார்.

அந்த வரப்பு இவ்வளவு நீளம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. முதுகு முழுக்கக் காதாக நடந்தார். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. படகில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் திரும்பவில்லை. படகோட்டி என்ன அண்ணே என்று கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றார்.

அதற்குப் பிறகு குளத்தில் சத்தம் இல்லை. சட்டைநாதன் வெறும் கையால் தீனியைத் தூவினார். மீன்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து தின்றுவிட்டுப் போயின. பார்க்க வந்தவர்கள் ஏமாந்தார்கள். "டின் எங்கே?" என்று கேட்டார்கள்.

"அது இருக்கவேண்டிய இடத்துல இருக்கு," என்றார். சொல்லும்போது அவர் நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

பொங்கல் வந்தது, போனது. தியாகேசன் வரவில்லை. பூங்காவனம் கழிக்கு அந்தப் பக்கம் பொங்கல் கொடுத்தனுப்பினாள். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மீன் பிடிக்கிற காலை விடிந்தது. ஐஸ் பெட்டிகளோடு வண்டிகள் வரிசையாக நின்றன. வழக்கப்படி முந்தின நாளே தீனியை நிறுத்தியிருந்தார்கள். வலையின் ஒரு கயிறு சட்டைநாதன் காலடியில் கிடந்தது. இன்னொன்றை ஆட்கள் மறுகரையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். அது அங்கே மண்ணில் சுருண்டு கிடந்தது.

டீச்சரும் வந்திருந்தார். தான் படிக்கவைத்த பிள்ளைகள் எப்படி வளர்ந்திருக்கின்றன என்று பார்க்க அவர் எல்லாக் குளத்துக்கும் முதல் வலைக்குப் போவார்.

"வெயில் ஏறுது சட்டைநாதன். ஐஸ் உருகுது," என்றார் மயிலாடுதுறை வியாபாரி. "நம்ம ஆள் ஒருத்தன் அந்தக் கரையில பிடிக்கட்டும். ஆரம்பிச்சிடலாம்."

"வேணாங்க."

"பூங்காவனத்தோட தம்பி நிக்கிறாரே. அவரும் குடும்பம்தானே?"

"அது தியாகு பிடிக்கிற கயிறு. அது அங்கயே கிடக்கட்டும்."

"அவர்தான் வரலையே."

"வரலைன்னாலும் அது அவன் கயிறுதான்," என்றார் சட்டைநாதன். "அவன் பிடிக்காம இந்தக் குளத்துல வலை இறங்கினதில்ல. இந்தப் பக்கம் நான் ஒருத்தனே இழுக்கிறேன். ஒரு பக்கமா இழுத்தா வலை கோணும். கோணட்டும். ஊர் பார்க்கட்டும்."

அவர் குரல் உயரவில்லை. ஆனால் வியாபாரி ஐஸ் பெட்டிப் பக்கம் நகர்ந்துகொண்டார். டீச்சர் ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சட்டைநாதன் குனிந்து தன் கயிற்றை எடுத்தார்.

டங்.

அவர் நிமிர்ந்தார்.

டங், டங்.

மறுகரையில் மதகு மறைவிலிருந்து தியாகேசன் வந்துகொண்டிருந்தான். இறால் பண்ணைச் சேறு முழங்கால்வரை காய்ந்திருந்தது. ஒரு கையில் டின், இன்னொரு கையில் குச்சி. அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்தான். தட்டினான். மடியிலிருந்து தீனி எடுத்துப் போட்டான். தட்டினான்.

குளம் திரும்பியது. அதை வேறு எப்படிச் சொல்வது? இந்தக் கரையோரம் நிழலில் கிடந்த மீன்கள் எல்லாம் ஒரே வீச்சில் சட்டைநாதனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போயின. இத்தனை வருஷமாக அசையாமல் இருந்த மறுகரைத் தண்ணீர் வெள்ளி வெள்ளியாகக் கொதித்தது. அவர் காலடித் தண்ணீர் தெளிந்து, தரை தெரிந்தது.

தன் கரை காலியானதைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்த மனிதர் அந்த ஊரில் அதற்கு முன்னால் யாரும் இல்லை.

"யாருங்க அது, இப்படித் தட்டறது?" என்று கேட்டார் புதிதாக வந்திருந்த ஒரு வியாபாரி.

"என் தம்பிங்க. தியாகேசன்," என்றார் சட்டைநாதன். தன்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவருக்கு வரும் குரல் ஒன்று உண்டு. அந்தக் குரலில் சொன்னார். "அவன் தட்டினா குளமே எழுந்து வரும்."

தியாகேசன் டின்னைக் கவனமாக மேட்டில் வைத்துவிட்டு, மண்ணில் கிடந்த கயிற்றை எடுத்து இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். அப்போதுதான் இந்தக் கரையைப் பார்த்தான். எப்போதும் போல, இழுக்கலாமா என்று கேட்கிற பார்வைதான்.

சட்டைநாதனுக்குக் கண் மறைத்தது. பக்கத்தில் நின்ற டீச்சரிடம் மெல்லச் சொன்னார்.

"முதல் தட்டுலயே அத்தனையும் போயிடுச்சு பாருங்க டீச்சர். புதுக் கை. குழம்பிப் போயிடும்னு நினைச்சேன்."

"மீன் என்னிக்குமே குழம்பலண்ணே," என்றார் தையல்நாயகி. "கயித்தப் பிடிங்க."